மொட்டைமாடி பூச்சி போட்டோ: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

மதுரையில எங்க வீட்டு மொட்டைமாடில ஒரு அம்பது தொட்டி இருக்கும், அதுல சுத்துற பூச்சிகளத்தான் பத்து வருஷத்துக்கு மேல படம் எடுத்துக்கிட்டு இருக்கேன். வேலை வேற, இது சும்மா ஆசைக்கு. போன வாரம் நீலப்பட்டைத் தேனீ தூங்குற படத்த காட்டுனதுலருந்து கேள்வியா வந்து குவியுது, ஒவ்வொண்ணா சொல்றேன். தனித்தனியா பதில் சொல்லலன்னு யாரும் கோச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, என்கிட்ட போன் மட்டும்தான். அதுல ரொம்பக் கிட்ட வச்சு எடுக்க மேக்ரோன்னு ஒரு மோட் இருக்கு, ஆனா எல்லாம் சேறு மாதிரி வருது. கேமரா வாங்கித்தான் ஆகணுமா?

வேணாம் தம்பி, அவசரப்படாத. அந்த மேக்ரோ லென்ஸ் பாதி போன்ல 2 மெகாபிக்சல்தான், பேருக்கு வச்சிருக்கான். அத மறந்துட்டு மெயின் கேமராவுல ரெண்டு மடங்கு ஜூம் வச்சு, கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்து அப்புறமா க்ராப் பண்ணு, அதுவே நல்லாருக்கும். இன்னும் கிட்ட போகணும்னா மேல மாட்டுற கிளிப் லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோ. காத்துல செடி ஆடும்ல, இடது கையால காம்ப மெதுவா புடிச்சுக்கிட்டு அதே கை மேல போன சாச்சு வச்சா பூவும் போனும் சேந்தே ஆடும், மங்கல் பாதி கொறஞ்சிடும். முதல் நாளே தேனீக்குப் பின்னாடி ஓடாத. கறிவேப்பிலைலயும் எலுமிச்சைலயும் பட்டாம்பூச்சிப் புழு இருக்கும், அது எங்கயும் போகாது, ஒரு மாசம் அதுல பழகு.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் இருக்கு, கூட வந்த 18-55 லென்ஸும் 55-250ம் இருக்கு. மேக்ரோ லென்ஸ் வாங்க காசு இல்ல. என்ன பண்ணலாம்?

18-55ஐ திருப்பி மாட்டுங்க. ரிவர்ஸ் ரிங்னு சில நூறு ரூபாய்க்குக் கெடைக்குது, லென்ஸோட முன்பக்கம் கேமராவுல, பின்பக்கம் பூச்சியப் பாத்து. 18ல வச்சா பயங்கரமா பெருசாக்கும், 55 பக்கம் வந்தா கொறையும், எல்லாரும் இத முதல்ல தலைகீழாத்தான் நெனைப்பாங்க. கேனான்காரங்களுக்கு ஒரு தொல்லை, திருப்புனா அப்பர்ச்சர (வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை, எஃப் எண் ஏற ஏற சின்னதாகும்) மாத்த முடியாது. அதுக்கு லென்ஸ நேரா மாட்டி எஃப் 8 வச்சு, டெப்த் பிரிவ்யூ பட்டன அமுக்கிப் புடிச்சபடியே லென்ஸ கழட்டுங்க, அப்படியே நின்னுடும். பின்பக்கம் தொறந்து கெடக்குறதால தூசி மட்டும் பாத்துக்கோங்க.

ஆனா என்னக் கேட்டா உங்க 55-250 முன்னாடி ரேனாக்ஸ் டிசிஆர் 250ங்கற குட்டி உருப்பெருக்கி லென்ஸ மாட்டுறதுதான் சொகம். கிளிப் மாதிரி கடிச்சுக்கும், ஜூம 250ல வச்சா பூச்சி நெஜ அளவுல ஏறத்தாழ ரெண்டு மடங்கா பதியும், ஆட்டோ அப்பர்ச்சர் எல்லாம் வேலை செய்யும். பூச்சிக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஒரு சாண விட கம்மிதான் இருக்கும், அவ்வளவு கிட்ட போய்ப் பழகணும். நான் முதல் நாலு வருஷம் இத வச்சுதான் ஓட்டுனேன்.

கேள்வி: கண்ணு மட்டும் ஷார்ப்பா இருக்கு, கால், றெக்கை எல்லாம் கரையுது. லென்ஸ் ரிப்பேரா சார்?

லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. பூச்சி அதோட நெஜ அளவுலயே கேமராவுக்குள்ள படம் பதியுற சென்சார்ல விழுற அளவுக்குக் கிட்ட போனீங்கன்னா, எஃப் 8ல ஃபோகஸ்ல இருக்குற ஆழம் சின்ன சென்சார் (ஏபிஎஸ்-சி) டிஎஸ்எல்ஆர்ல சுமார் 0.6 மில்லிமீட்டர். நம்ம பொந்துத் தேனீயே 1 சென்டிமீட்டர் நீளம், அப்ப எவ்வளவுதான் உள்ள வரும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. எஃப் 22 வச்சா சரியாயிடும்னு போனா மொத்தப் படமும் சொதசொதன்னு ஆயிடும், ஒளி சின்ன ஓட்டைல சிதறுது. எஃப் 8லருந்து 11, அதோட நிறுத்திக்கோங்க.

மீதிய கோணத்துலதான் சரிக்கட்டணும். பூச்சியோட பக்கவாட்டுக்கு நேரா கேமராவ வச்சா தலைலருந்து வால் வரைக்கும் ஒரே தளத்துல வந்துடும். ஆட்டோஃபோகஸ ஆஃப் பண்ணிட்டு, தூரத்த ஒரு இடத்துல வச்சு, உடம்ப லேசா முன்னாடி பின்னாடி சாச்சு கண்ணு தெளியும்போது அமுக்குங்க. இருவதுல ஒண்ணு தேறும், எனக்கும் அவ்வளவுதான்.

கேள்வி: ஃபிளாஷ் போட்டா தேனீ மேல வெள்ள வெள்ளையா பொட்டு விழுது. போடலைன்னா இருட்டு. கருவண்டு எடுத்தா வெறும் கறுப்பு உருண்டை.

இதுக்குத்தான் ரொம்ப நேரம் பேசணும், ஏன்னா இந்த விஷயத்துல பாதி சூட்சுமம் ஃபிளாஷ் ஒளிய எப்படிப் பரப்புறோம்ங்கறதுலதான் இருக்கு, ஆனா எல்லாரும் லென்ஸப் பத்தியே கேக்குறாங்க. பூச்சி உடம்பு பாலிஷ் போட்ட மாதிரி, ஃபிளாஷ் எந்த அளவுல இருக்கோ அதே அளவுக்குப் பொட்டு தெரியும். பொட்ட எடுக்க முடியாது, பெருசாக்கி மெதுவாக்கத்தான் முடியும். டிவி, மிக்ஸி எல்லாம் வாங்குனா சுத்தி வருமே வெள்ளையா மெல்லிசா ஃபோம் ஷீட்டு, அதுதான் என்னோட டிஃபியூசர். சிப்ஸ் டப்பாவ வெட்டி ஃபிளாஷ்ல சொருகி, உள்பக்கம் பளபளன்னு இருக்கறதால வெளிச்சம் முன்னாடி வந்துடும், வாயில ரெண்டு அடுக்கு ஃபோம் ஒட்டி லென்ஸ் நுனிக்கு மேல வளைஞ்ச மாதிரி நிப்பாட்டி வச்சிருக்கேன். பாக்க குப்பைத்தொட்டி மாதிரி இருக்கும், பக்கத்து மாடி மாமி ரொம்ப நாள் நான் கொசுமருந்து அடிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. பூச்சிக்கு எவ்வளவு கிட்டயோ அவ்வளவு நல்லது.

செட்டிங் கேட்டீங்கன்னா ஷட்டர் 1/160, எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ மேனுவல்ல 1/16லருந்து ஆரம்பிச்சு ஏத்தி இறக்கிப் பாருங்க. 1/160 எப்படி அசைவ நிறுத்தும்னு சண்டைக்கு வராதீங்க, நிறுத்துறது ஷட்டர் இல்ல. கொறஞ்ச பவர்ல ஃபிளாஷ் வெட்டுறது செகண்டுல பல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம்தான். ஆனா உச்சி வெயில்ல இது பலிக்காது, வெயிலும் சேந்து பதிஞ்சு ஓரம் ரெட்டையாத் தெரியும். கருவண்டுக்கு (பேருதான் வண்டு, அதுவும் ஒரு தேனீதான்) வெளிச்சம் பக்கவாட்டுலருந்து வரட்டும், அந்த றெக்கைல ஊதாவும் பச்சையுமா மினுங்குறது அப்பதான் வரும்.

கேள்வி: அந்தத் தூங்குற தேனீ படம் நெஜமா அண்ணே? செத்த பூச்சிய ஒட்டி வச்சீங்களா?

யோவ்! நெஜம்யா. நீலப்பட்டைத் தேனீல ஆண்களுக்கு வீடு கெடையாது. பொண்ணுங்க மண்ணுல வளை தோண்டி உள்ள படுத்துக்கும், ஆம்பளைங்க சாயங்காலமானா ஒரு காஞ்ச குச்சியத் தேடி வந்து, வாயால கவ்விப் புடிச்சுக்கிட்டு, காலெல்லாம் மடக்கி அப்படியே அந்தரத்துல தூங்கும். எங்க வீட்டுல அது ஒரு காஞ்ச துளசிக் குச்சி, அஞ்சே முக்காலுக்கு மேல ஒண்ணொண்ணா வந்து வரிசையா நிக்கும், இடத்துக்கு ஒரு தள்ளுமுள்ளு வேற நடக்கும், அப்புறம் அமைதி. மறுநாளும் பெரும்பாலும் அதே குச்சிதான். அந்தச் செடியப் புடுங்கணும்னு வீட்டுல சொன்னாங்க, நான் விடல. சில நாள் கூடவே கறுப்பு ஒடம்புல வெளிர்நீலப் புள்ளி போட்ட இன்னொண்ணும் தொங்கும், அது குயில் தேனீ. அந்த வகைல பொண்ணு நீலப்பட்டையோட வளைலயே திருட்டுத்தனமா முட்ட வச்சிடும். ராத்திரி ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலயே தூங்குதுங்க, என்னத்தச் சொல்ல.

எடுக்கணும்னா விடியக்காலைல ஆறு மணிக்கு முன்னாடி போங்க. ஒடம்பு சூடேறாம பறக்க முடியாது, அதனால ட்ரைபாட் வச்சு ஃபோகஸ ஒரு நூல் ஒரு நூலா நகத்தி இருவது முப்பது படம் எடுத்து, கம்ப்யூட்டர்ல ஒண்ணா அடுக்கி முழு ஒடம்பையும் தெளிவா கொண்டு வரலாம். அடுக்குற சாஃப்ட்வேர்ல ஜெரீன், ஹெலிகான் ரெண்டும் காசு, பிகோலே இலவசம். மார்கழின்னா பனித்துளியும் சேந்து உக்காந்திருக்கும்.

கேள்வி: ஃபிரிட்ஜுல கொஞ்ச நேரம் வச்சா பூச்சி அசையாதுன்னு ஒருத்தர் சொன்னாரு, பண்ணலாமா?

பண்ணாதீங்க. பாவம்ங்கறது ஒருபக்கம், படமும் காட்டிக் குடுத்துடும், காலு ஒரு தினுசா சுருண்டு பூ மேல சாஞ்சு கெடக்கும், பழகுன கண்ணுக்கு உடனே தெரியும். நான் மேல சொன்னத விட ஃபிரிட்ஜ் என்ன பெருசா குடுத்துடப் போகுது?

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட் தண்ணி டேங்க் அடியில பெரிய தேன்கூடு இருக்கு. கிட்ட போய் எடுக்கலாமா? கொட்டுமா?

அது மலைத்தேனீ. தொங்குற ஒரே அடை, மேல திரையா தேனீ மூடியிருக்கும், தொந்தரவு பண்ணுனா கும்பலா எறங்கும், ரொம்ப தூரம் தொரத்தும். ஒண்ணு கொட்டுன எடத்துல வர்ற வாசனை மத்ததையும் இழுக்கும். அங்க ஃபிளாஷும் வேணாம், ட்ரோனும் வேணாம். பக்கத்துக் கட்டடத்துல பாதுகாப்பா நின்னு டெலி லென்ஸ்ல பாருங்க, குளவி வந்தா கூடு மேல அலை அலையா ஒரு சிலிர்ப்பு ஓடும் பாருங்க, அத வீடியோவா எடுத்தா போட்டோவ விட நல்லாருக்கும்.

பூவுல தேன் குடிக்கிற தேனீ வேற கதை, அதுக்கு உங்கள கவனிக்க நேரமில்ல. கொசுத்தேனீக்குக் கொடுக்கே வேலை செய்யாது. ஆண் தேனீ எதுக்குமே கொடுக்கு கெடையாது. தப்பித் தவறி கொட்டிட்டா முள்ள உடனே நகத்தால சுரண்டி எடுத்துடுங்க, மூச்சு வாங்குனாலோ மூஞ்சி வீங்குனாலோ நேரா ஆஸ்பத்திரி.

கேள்வி: தம்பி, நான் தோட்டக்காரி, போட்டோ இப்பதான். பூச்சி வர என்ன செடி வைக்கணும்? ரோஜா இருவது தொட்டி இருக்கு, ஒண்ணுமே வரல.

அக்கா, அடுக்கு ரோஜாவுல எல்லாம் இதழாத்தான் இருக்கு, தேனீக்கு அதுல என்ன வேலை? துளசிக் கதிரக் கிள்ளாம விடுங்க, நீலப்பட்டை முதல்ல அங்கதான் வரும். நாலு கொத்தமல்லிய அறுக்காம பூக்க விடுங்க. தும்பை, வெட்டுக்காயப் பூண்டு தானா மொளைச்சா களைன்னு புடுங்காதீங்க. பூசணி வச்சீங்கன்னா விடிகாலைல விரியும், மத்தியானத்துக்குள்ள வாடிடும், ஏழு மணிக்கு உள்ள எட்டிப் பாத்தா தேனீ மகரந்தத்துல குளிச்சுக்கிட்டு இருக்கும். கத்தரி கண்டிப்பா வைங்க. அந்தப் பூவுல மகரந்தம் நுனி ஓட்டை வழியாத்தான் வரும், கருவண்டும் நீலப்பட்டையும் புடிச்சுக்கிட்டு ஙொய்ய்ய்னு அதிர வச்சு உதுக்கும், சாதாரண தேனீக்கு அந்த வித்தை தெரியாது. காலை வெயில் பின்னாடிலருந்து வரும்போது எடுங்க, தூள் பறக்குறது தெரியும்.

உங்க ரோஜா இலைல வட்டமா கத்திரி வச்சு வெட்டுன மாதிரி இருந்தா மருந்து அடிச்சிடாதீங்க, அது இலைவெட்டித் தேனீ கூட்டுக்கு எடுத்துட்டுப் போறது. வேப்பெண்ணெய் அடிச்சாகணும்னா பொழுது சாஞ்சப்புறம் அடிங்க.

கேள்வி: மஞ்சளும் கறுப்பும் பட்டை, பூ முன்னாடி அந்தரத்துல நிக்குது. இது என்ன தேனீ? படம் அனுப்பியிருக்கேன்.

தேனீயே இல்ல, ஈ. வேஷம் போட்டிருக்கு. கண்ணு தலை முழுக்க இருக்கு, மீசை குட்டியா இருக்கு, றெக்கை ஒரு ஜோடிதான். தேனீக்கு ரெண்டு ஜோடி. ஆனா படத்த அழிச்சிடாதீங்க, இதுல பல வகையோட புழு அசுவினியத் தின்னும், உங்க செடிக்கு நல்லதுதான். பறக்கும்போது எடுத்துப் பழக இதான் வாத்தியார், ஒரே எடத்துல நிக்கும்.

கேள்வி: ஒரு தேனீ பூவுக்கு அடியில அரைமணி நேரமா அசையல, நிறைய எடுத்தேன், வீட்டுக்கு வந்து பாத்தா…

நண்டுச் சிலந்தி, சரியா? எனக்கும் அதேதான் நடந்துச்சு. எவ்வளவு சாது தேனீன்னு சந்தோஷமா நாப்பது படம் எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணும்போதுதான் கழுத்தக் கவ்விக்கிட்டு வெள்ளையா ஒண்ணு இதழோட இதழா உக்காந்திருக்கு. தேனீ ரொம்ப நல்ல புள்ளையா போஸ் குடுத்தா முதல்ல அடியில பாருங்க.

கேள்வி: பேர் எப்படிக் கண்டுபுடிக்கிறீங்க?

ஐநேச்சுரலிஸ்ட்னு உயிரினப் படங்களுக்கான ஒரு வெப்சைட், அதுல ஏத்துவேன், தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. அழகான ஒரு படத்த விட மூஞ்சி, பக்கவாட்டு, மேலருந்து றெக்கை நரம்புன்னு சுமாரான மூணு படம்தான் அதுக்கு ஒதவும். அப்பவும் பாதிக்கு மேல இன்ன குடும்பம்னு சொல்றதோட நின்னுடும். எங்க மாடில நாலு வருஷமா வர்ற ஒரு பச்சைத் தேனீக்கு இன்னும் முழுப்பேர் வரல, நாங்க வீட்டுல அத பச்சையப்பன்னு கூப்புட்றோம்.