வேற நட்சத்திரத்த சுத்துற கிரகங்கள தேடுறவங்களுக்கு நிஜமா என்ன வேலை?

சூரியன விட்டுட்டு வேற நட்சத்திரத்த சுத்துற கிரகத்துக்கு புறக்கோள்னு பேரு. அத நேரா பாக்குறது ரொம்ப கஷ்டம், நட்சத்திரத்தோட பளபளப்பே அத முழுங்கிடும். அதனால நட்சத்திரத்ததான் உத்து பாக்கணும்.

ராத்திரி கடலூர் தேவனாம்பட்டினம் பீச்ல நின்னா தூரத்துல போட் லைட் தெரியும், போட்ல இருக்குற ஆள் தெரியமாட்டாரு, ஆனா அவரு லைட்டுக்கு குறுக்க போனா வெளிச்சம் ஒரு செகண்ட் மங்கும்ல, அதே கததான் இங்கயும். வியாழன் சைஸ் கிரகம் சூரியன் மாதிரி நட்சத்திரத்துக்கு குறுக்க வந்தா சுமார் 1 சதவீதம் ஒளி கொறையும், பூமி சைஸ்னா 0.01 சதவீதம்கூட கொறையாது. ஒரு தடவ மங்குனா யாரும் நம்பமாட்டாங்க, அதே இடைவெளியில திரும்ப திரும்ப மங்கணும், நட்சத்திரத்துல கரும்புள்ளி இருந்தாலும் இப்படி ஏமாத்தும், அதனால பாதி வேலை சந்தேகப்படுறதுதான்.

இன்னொரு வழி, கிரகம் இழுக்குறதுல நட்சத்திரம் லேசா ஆடுறத அளக்குறது. 1995ல மிஷல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி நட்சத்திரத்துல இப்படித்தான் புடிச்சாங்க, அந்த கிரகம் 4 நாள் சொச்சத்துல ஒரு சுத்து சுத்திடுது! 2019ல நோபல் கெடச்சுது. நம்ம நாட்டுலயும் மவுண்ட் அபு டெலஸ்கோப்ப வெச்சு இதே முறையில 2018ல ஒரு கிரகத்த உறுதி பண்ணாங்க. இதுக்கு வரணும்னா பிஸிக்ஸ், கணக்கு, கோடிங், அப்புறம் பிஎச்டி.

அப்புறம், நெட்ல கலர் கலரா வர்ற புறக்கோள் படங்கள டெலஸ்கோப்ல எடுத்த போட்டோன்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் ஓவியர்கள் கற்பனையா வரைஞ்சது, நேரா படம் எடுத்தது கொஞ்சம்தான், அதுலயும் கிரகம் வெறும் புள்ளியாத்தான் தெரியும்.