தோட்டம் கேள்வி பதில்: பம்பிள் தேனீக்குப் பெட்டி வைத்தால் வருமா?

கேள்வி: போன வசந்தத்தில் கடையில் ஒரு பம்பிள் தேனீப் பெட்டி வாங்கி வேலியில் மாட்டினேன். கோடை முழுக்க ஒரு தேனீகூட எட்டிப் பார்க்கவில்லை. தக்காளியும் கத்தரியும் பூக்கிற பூவையெல்லாம் கொட்டுகின்றன. இந்த முறை நானே ஒரு பெட்டி அடிக்கலாம் என்று இருக்கிறேன். எப்படி?
- வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: அக்கா, உங்களுடையது மட்டும் இல்லை, வைக்கிற பெட்டிகளில் பெரும்பாலானவை வெறுமையாகத்தான் கிடக்கும். பிரிட்டனில் எழுநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகளை வைத்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு மூன்று பெட்டியளவில்தான் தேனீ குடியேறியிருந்தது. இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் சலிக்கக் கூடாது.

பம்பிள் தேனீ என்பது உடல் பருத்து மயிர் அடர்ந்த தேனீ. அது ஏன் வரவில்லை என்பது, கூட்டைத் தொடங்குகிற ராணியின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும். பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியாகத் தூங்கிய ராணி, ஏப்ரல், மே மாதத்தில் வெளியே வந்து வயிறாரத் தேன் குடித்துவிட்டு, நிலத்தை ஒட்டித் தாழப் பறந்து பொந்து தேடும். ஒன்ராறியோவில் நாம் அதிகம் காண்கிற கிழக்கத்திய பம்பிள் தேனீக்கு மிகவும் பிடித்த இடம் எலி விட்டுப்போன பழைய வளைதான். காய்ந்த புல், மண், இருட்டு, உள்ளே மெத்தென்று ஒரு படுக்கை, இவ்வளவும் வேண்டும். வேலியில் ஆளுயரத்தில் வெயில் காய்கிற பெட்டி அதன் கண்ணில் படாது, பட்டாலும் அதற்குள் இருந்தால் குஞ்சுகள் வெந்துபோகும்.

சரி, பெட்டிக்கு வருவோம். மருந்தடிக்காத, பெயின்ட் பூசாத சாதாரணப் பலகையில், உள்ளளவு நீளம் அகலம் உயரம் மூன்றும் ஏழு அங்குலம் வரும்படி அடியுங்கள். மூடி கழற்றக்கூடியதாக இருக்கட்டும், மழைநீர் ஓட அது கொஞ்சம் வெளியே நீண்டிருக்க வேண்டும். வாசல் முக்கால் அங்குலம், அதற்கு மேல் வேண்டாம், பெரிதாக்கினால் எலி இன்னும் சுலபமாகக் குடிவரும். மேல்பக்கத்தில் இரண்டு சிறு காற்றுத் துளைகள் போட்டு, எறும்பு நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை ஒட்டிவிடுங்கள். உள்ளே காய்ந்த பாசி அல்லது பொடியாக நறுக்கிய வைக்கோலை ஒரு கைப்பிடி வைத்து, நடுவில் விரலால் ஒரு குழி செய்யுங்கள். மருந்துக்கடைப் பஞ்சு வைக்காதீர்கள், அதன் நீள இழைகளில் தேனீயின் கால் சிக்கிக்கொள்ளும். தெரிந்தவர்கள் வீட்டில் வளர்ப்பு எலி இருந்தால் அதன் பழைய படுக்கையில் கொஞ்சம் கேட்டு வாங்கிக் கலந்துவிடுங்கள், எலி இருந்த தடயத்தைத்தான் ராணி தேடுகிறது. கராஜில் காட்டு எலி கட்டிய கூட்டை மட்டும் வெறும் கையால் அள்ள வேண்டாம், அதன் எச்சத்தில் ஹண்டா வைரஸ் இருக்கக்கூடும்.

அப்புறம், பெட்டியை மாட்டாமல் புதையுங்கள். பனி உருகியதும், மார்ச் கடைசி ஏப்ரல் தொடக்கத்திலேயே, நீர் தேங்காத நிழலான மேட்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகிற மாதிரி வைத்து, வாசலிலிருந்து ஓரடி நீளக் குழாய் ஒன்றை நிலமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குழாயின் உட்பக்கம் வழுக்கக் கூடாது. மூடிமேல் ஒரு கனமான கல், ஏனென்றால் ஸ்கங்கும் ரக்கூனும் கூட்டைத் தோண்டித் தின்னும். வைத்தபிறகு இடம் மாற்றாதீர்கள், திறந்தும் பார்க்காதீர்கள்.

ஆனால் பெட்டியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உங்கள் பின்வளவுதான். ராணி விழிக்கிற நேரத்தில் பூ இல்லாவிட்டால் எவ்வளவு வடிவான வீடு கட்டியும் பயனில்லை. வில்லோ, குரோக்கஸ், பிறகு சைவ்ஸ், கோடையில் பேர்கமொட், கடைசியில் கோல்டன்ராட், ஆஸ்டர் என்று பனி விட்டதிலிருந்து அக்டோபர் வரை ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும். டாண்டிலயனை மே மாதத்தில் பிடுங்காமல் விடுங்கள். வேலியோரம் ஒரு மூலையில் புல்லை வெட்டாமல், சருகைக் கூட்டாமல் விட்டால், பெட்டிக்கு வராத ராணி அந்தப் புல்லடியிலேயே கூடு கட்டிவிடலாம். எங்கே கட்டினாலும் உங்கள் தக்காளிக்கு ஒன்றுதான்.

தக்காளி, கத்தரிப் பூவில் மகரந்தம் சிறு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். பம்பிள் தேனீ பூவைத் தாடையால் கவ்விக்கொண்டு, சிறகை அசைக்காமல் தசையை மட்டும் அதிரவைத்து அதை உதிர்க்கும். தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பம்பிள் தேனீ வரும்வரைக்கும் மின்சாரப் பல்துலக்கியைப் பூக்கொத்தின் காம்பில் ஒரு கணம் வைத்து எடுங்கள், அதே வேலை நடக்கும். கடும் வெக்கை நாளில் கொட்டுகிற பூவை மட்டும் தேனீயாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: அண்ணை, விளைவிக்கும் பண்ணைகளுக்கு பம்பிள் தேனீயைக் கூடாகவே விற்கிறார்களாமே, ஒன்று வாங்கி வைத்தால் என்ன?
- வாசகர், மார்க்கம்

பதில்: தயவுசெய்து வேண்டாம் தம்பி. கண்ணாடிக்கூடத் தக்காளிப் பண்ணைக்கு அது தேவை, வீட்டுக்குத் தேவையில்லை. வளர்ப்புக் கூட்டிலிருந்து நோய்க்கிருமிகள் காட்டுத் தேனீக்குத் தொற்றும். முதுகில் துருநிறத் திட்டுள்ள பம்பிள் தேனீ ஒருகாலத்தில் தெற்கு ஒன்ராறியோவில் சாதாரணமாகப் பறந்தது, கனடாவில் அதைக் கடைசியாகக் கண்டது 2009இல், பைனரி மாகாணப் பூங்காவில். அது அழிந்துகொண்டு போனதற்கு இப்படிப் பரவிய நோயும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

கேள்வி: சிட்டுக்கு வைத்த கூட்டுப்பெட்டியில் தேனீ புகுந்துவிட்டது. வாசலில் எந்நேரமும் பத்துப் பதினைந்து வட்டமிடுகின்றன. பிள்ளைகள் விளையாடுகிற இடம். மருந்தடிக்க ஆளைக் கூப்பிடவா?
- வாசகி, ஹரோ, லண்டன்

பதில்: கூப்பிடாதீர்கள். நெஞ்சு செம்பழுப்பு, வயிறு கறுப்பு, வால் வெள்ளை என்றால் அது மர பம்பிள் தேனீ. இங்கிலாந்தில் 2001இல்தான் முதன்முதலாகக் கண்டார்கள், பறவைப் பெட்டி என்றால் அதற்கு உயிர். வாசலில் வட்டமிடுபவை புது ராணிக்காகக் காத்திருக்கும் ஆண்கள், அவற்றுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் தேனீ கொட்டும்தான், ஆனால் பெட்டியை ஆட்டினால், பந்து பட்டால் ஒழிய வலியப் போய்க் கொட்டுவது அரிது. பிள்ளைகளை அந்த மரத்தடியிலிருந்து சில வாரம் தள்ளி விளையாடச் சொல்லுங்கள். யாருக்காவது கொட்டினால் மூச்சுத்திணறும் ஒவ்வாமை உண்டென்றால் மட்டும் விஷயம் வேறு, உள்ளூர்த் தேனீ வளர்ப்போரிடம் ஆலோசனை கேளுங்கள். பெரும்பாலும் ஜூலை கடைசிக்குள் கூடு தானாகவே முடிந்துவிடும். இலையுதிர் காலத்தில் பெட்டியைத் துப்புரவாக்கினால் அடுத்த வருடம் சிட்டுக்கு ஆகும்.

கேள்வி: கோயம்புத்தூரில் அம்மா வீட்டிலும் இதே பெட்டி வைக்கலாமா? அங்கே பெரிய கறுப்புத் தேனீ ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டு வரும்.
- வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: அது பம்பிள் தேனீ இல்லை, தச்சுத் தேனீ. இந்தியாவில் பம்பிள் தேனீக்கு இமயமலைப் பக்கத்துக் குளிர்தான் ஊர். தச்சுத் தேனீ பட்ட மரத்தையும் மூங்கிலையும் குடைந்து முட்டையிடும், பெட்டி அதற்கு உதவாது. ஒருபக்கம் கணு அடைத்திருக்கிற காய்ந்த மூங்கில் துண்டுகளை, துளை அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும்படி ஓரடி நீளத்தில் வெட்டி, நாலைந்தைச் சேர்த்துக் கட்டி, மழை படாத தாழ்வாரத்தில் படுக்கைவாக்கில் தொங்கவிடச் சொல்லுங்கள். அகத்தியும் அவரையும் ஆவாரையும் பக்கத்தில் இருந்தால் தேடி வரும். ஆவாரம்பூவையும் கத்தரிப்பூவையும் அதிரவைத்து மகரந்தம் எடுக்க அதற்கும் தெரியும். வீட்டு உத்தரத்தில் ஏற்கெனவே துளை போட்டிருந்தால், தேனீ வெளியேறியது உறுதியான பிறகு துளையை அடைத்து, மரத்துக்கு வார்னிஷ் பூசிவிடலாம்.