எல்லாரும் ‘நல்லாயிருக்கு’ என்கிறார்கள்

அன்புள்ள அண்ணா,

அறிவியல்நகரில் படித்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆறு பேர் குழு. வேலையைச் சின்னத் தவணைகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறையில் போகிறோம், அது சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் ஸ்கிரம் மாஸ்டர் வேலையும் என் தலையில்தான். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கால்நடை வளர்ப்போர் சங்கத்துக்குப் பால் சேகரிப்புச் செயலி செய்கிறோம். காசு போடுபவர் டொரொன்டோவில் இருக்கும் ஓர் அண்ணை. ஒரு தவணை, அதாவது ஸ்பிரின்ட், இரண்டு வாரம்; அது முடியும் வெள்ளி மாலை ஆறரைக்கு, செய்ததைக் காட்டிப் பேசும் ஸ்பிரின்ட் ரிவியூ சூமில். ஸ்லைடு போடுவோம், டெமோ காட்டுவோம், அண்ணையும் சங்க முகாமையாளரும் ‘நல்லாயிருக்கு, தொடருங்கோ’ என்பார்கள். ஐந்து ரிவியூ இப்படியே போனது. செயலியைக் கையில் கொடுத்தபோது பால் எடுக்கும் அக்காமார் இரண்டே நாளில் பழைய கொப்பிக்குத் திரும்பிவிட்டார்கள். சிக்னல் இல்லாத இடத்தில் திறக்கவே இல்லையாம். டெமோவை இன்னும் வடிவாகச் செய்திருக்க வேண்டும் என்கிறார் முதலாளி. கிளையன்ட் ரிவியூவில் ஓம் சொல்லும் வரைக்கும் எதையும் வெளியே விடக்கூடாது என்றும் சொல்கிறார். ரிவியூவை எப்படித்தான் நடத்துவது?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் டெமோ ஏற்கெனவே தேவைக்கு மேல் வடிவாக இருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அலுவலக வைஃபையில், சார்ஜ் நிரம்பிய புதுப் போனில், ‘டெஸ்ட் யூசர் 1’ என்ற பெயரில் ஒருவர் சரியாகப் பத்து லீற்றர் பால் ஊற்றியிருப்பார், எல்லாம் பச்சை நிறத்தில் டிக் விழுந்திருக்கும். அதைப் பார்த்து ‘நல்லாயிருக்கு’ என்று சொல்வதைத் தவிர அந்த இரண்டு பேரும் வேறென்ன சொல்ல முடியும்? அவர்கள் யாரும் விடியக்காலையில் ஈரக் கையோடு பால்மானி பார்த்து எழுதுகிறவர்கள் இல்லையே.

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதிய ஸ்கிரம் வழிகாட்டியின் 2020 பதிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஒரு மாலையில் முடித்துவிடலாம். அதில் ஸ்பிரின்ட் ரிவியூவுக்கு இருப்பது கொஞ்ச வரிகள்தான். ஆனால் உங்கள் முதலாளி சொல்வதற்கு நேர் எதிர். இது ஒரு வேலை அமர்வு, வெறும் விளக்கக்காட்சியாகச் சுருக்கிவிடாதீர்கள் என்கிறது. ஸ்பிரின்டில் என்ன வந்தது, சூழலில் என்ன மாறியது என்று குழுவும் முக்கிய பங்குதாரர்களும் சேர்ந்து பார்த்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும், தேவைப்பட்டால் இனிச் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான புரொடக்ட் பேக்லாக்கை மாற்ற வேண்டும். ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்கு அதிகபட்சம் நாலு மணித்தியாலம், சின்ன ஸ்பிரின்ட்டுக்கு வழக்கமாக அதைவிடக் குறைவு. உங்கள் இரண்டு வாரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் தாராளமாகப் போதும், அதில் பாதியையாவது பேச்சுக்கு விட்டால்.

இரணைமடுக் குளத்தின் சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள், வீட்டில் யாராவது போய் வந்திருப்பார்கள். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநலத்தார், கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் இருந்து, குளத்தில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் தண்ணீர் விடுவது என்று சண்டை பிடித்தாவது முடிவெடுப்பார்கள். அந்த இடத்தில் எந்திரி எழும்பித் துருசைத் திறந்து மூடும் வீடியோவைப் போட்டுக் காட்டி ‘எப்படி, நல்லாத் திறக்குதோ?’ என்று கேட்டு அனுப்பிவிட்டால் கமக்காரர் சும்மா விடுவார்களா? உங்கள் வெள்ளிக்கிழமை கிட்டத்தட்ட அந்த வீடியோதான்.

முதலில் மாற்ற வேண்டியது நேரமும் இடமும். ஆறரை மணி டொரொன்டோவுக்குக் காலை எட்டோ ஒன்பதோ, அண்ணைக்கு வசதி, பால் எடுக்கும் அக்காமாருக்கு அந்த நேரம் அடுப்படியில் வேலை. பால் லொறி போன பிறகு காலை எட்டரைக்குச் சேகரிப்பு நிலையத்திலேயே வையுங்கள். அண்ணைக்கு அப்போது இரவு பத்தோ பதினொன்றோ ஆகும், கோடையா குளிரா என்பதைப் பொறுத்து. இரண்டு வாரத்துக்கு ஒரு இரவு அவர் கொஞ்சம் விழித்திருக்கட்டும், அவர் போட்ட காசுதானே. சிக்னல் பிடிக்கவில்லை என்று சூம் அறுந்து அறுந்து வந்தால் இன்னும் நல்லது, செயலி எந்த இடத்தில் ஓட வேண்டும் என்பது அவருக்கு ஸ்லைடு இல்லாமலே விளங்கிவிடும்.

அங்கே போனதும் போனை அந்த அக்காவின் கையில் கொடுங்கள். அவருடைய சொந்தப் போன் என்றால் மிகவும் நல்லது, கண்ணாடி வெடித்த பழைய சாம்சங்காக இருந்தாலும் சரி. நேற்றைய கொப்பியைத் திறந்து வைத்து அதில் உள்ள கணக்கையே பதியச் சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள், இதுதான் கஷ்டம். அவர் தவறான இடத்தை அழுத்தும்போது உங்கள் டெவலப்பர் தம்பிக்கு வாய் துருதுருக்கும், ‘அக்கா அங்க இல்ல, மேல’ என்று சொல்ல வருவார். விடாதீர்கள். தடுமாறுகிற அந்த இடத்தைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போனீர்கள்.

கேள்வியையும் மாற்றுங்கள். ‘எப்படியிருக்கு?’ என்று கேட்டால் எங்கள் ஊரில் யார்தான் பிழை சொல்வார்கள், பிள்ளைகள் கஷ்டப்பட்டுச் செய்து கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தேத்தண்ணியும் தந்து நல்லாயிருக்கு என்றுதான் அனுப்புவார்கள். ‘ஒருவருடைய பாலை மற்றவருடைய பெயரில் பதிந்துவிட்டால் இப்போது கொப்பியில் என்ன செய்வீர்கள்?’, ‘மாதக் கடைசியில் கணக்குக் கேட்டு வருகிறவருக்கு எதைக் காட்டுவீர்கள்?’ என்று கேளுங்கள். முகாமையாளர் பக்கத்தில் இருந்தால் அவரை முதலில் பேச விடாதீர்கள். அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மாறாக அக்கா வாய் திறக்கமாட்டார். முன்கூட்டியே அவரிடம் ‘ஐயா, நீங்கள் கடைசியில் சொல்லுங்கோ’ என்று மரியாதையாகச் சொல்லி வைத்தால் கோபிக்கமாட்டார்.

முடியாத வேலையைக் காட்டாதீர்கள். ‘முடிந்தது’ என்பதற்குக் குழு வைத்திருக்கும் வரையறைக்குள் வராத எதையும் ரிவியூவில் வைக்கக்கூடாது என்பது வழிகாட்டியிலேயே இருக்கிறது, அது பேக்லாக்குக்குத் திரும்பிப் போகும். உங்கள் வரையறையில் ‘சிக்னல் இல்லாமலும் திறந்து பதிய வேண்டும்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் முதல் ரிவியூவிலேயே மாட்டியிருக்கும். எதை முடிக்கவில்லை என்பதை வாயால் சொல்லுங்கள், ஒரு நிமிடம் போதும். ஏன் முடியவில்லை, யார் சுணங்கியது என்பதை முதலாளி கிளப்பினால் அது ரெட்ரோவுக்கு, குழு தன் வேலை முறையைத் தனக்குள் பேசும் கூட்டத்துக்கு, என்று நிறுத்துங்கள். கிளையன்ட் முன்னால் தம்பிமாருக்குப் பேச்சு விழுந்தால் அடுத்த முறை அவர்களும் எல்லாம் சரி என்றுதான் சொல்வார்கள்.

பாதி நேரம் முடிந்ததும் பேக்லாக்கை எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் திறவுங்கள். லப்டொப் வேண்டாம், ஒரு பெரிய தாளில் தமிழில் எழுதி ஒட்டினாலும் போதும். இப்போது கேட்டதை வைத்து எது மேலே போகிறது, எது கீழே இறங்குகிறது, எதைத் தூக்கி எறியலாம் என்று அந்த இடத்திலேயே பேசுங்கள். டொரொன்டோ அண்ணை ஆசைப்பட்டுக் கேட்ட வரைபடங்களும் டாஷ்போர்டும் கீழே இறங்கலாம், அதை அவர் முன்னாலேயே இறக்குங்கள். இறுதி முடிவு உங்கள் புரொடக்ட் ஓனருடையது, பேக்லாக்கில் எது முதலில் என்பதற்குப் பொறுப்பானவர் அவர்தான். யார் அவர் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை. ஒருவரும் இல்லையென்றால் அடுத்த ரிவியூவுக்கு முன் ஒருவரை வையுங்கள், இல்லாவிட்டால் நான் மேலே எழுதிய எதுவும் உதவாது.

கிளையன்ட் ஓம் சொல்லும் வரைக்கும் வெளியே விடக்கூடாது என்பதற்கும் அதே வழிகாட்டியில் பதில் இருக்கிறது: ரிவியூவை வெளியீட்டுக்கான வாசலாக ஒருபோதும் நினைக்கக்கூடாது. முடிந்ததை ஸ்பிரின்ட் நடுவிலேயே கொடுக்கலாம். ஒரு சேகரிப்பு நிலையத்துக்கு மட்டும் முதல் வாரமே கொடுத்துவிட்டு, பாவித்துப் பார்த்தவர்களோடு ரிவியூவில் உட்காருங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும். முதலாளியிடம் இந்த வரியை அச்செடுத்தே காட்டலாம்.

முடிந்த அன்றே, என்ன மாறியது என்று மூன்று நாலு வசனத்தில் வட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போடுங்கள், வர முடியாத அக்காமாருக்கும் சேர்த்து.