என்றைக்காவது மாட்டிக்கொள்வேனோ?

மேடம், எனக்கு 29 வயது. வியாசர்பாடி. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, ஏழு வருடமாகிறது. போன மாதம் டீம் லீட் ஆக்கினார்கள். அன்றிலிருந்து தூக்கம் போச்சு. எனக்கு ஒன்றும் தெரியாது, ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்துவிட்டேன், என்றைக்காவது மாட்டிக்கொள்வேன் என்றே தோன்றுகிறது. மீட்டிங்கில் எல்லாரும் சரளமாக ஆங்கிலம் பேசுகிறார்கள். நான் சொல்ல நினைத்ததை வேறு யாராவது சொல்லிப் பேர் வாங்கிவிடுகிறார்கள். ஒரு மெயிலை நாலு தடவை படித்துத்தான் அனுப்புகிறேன். மேனேஜர் பாராட்டினால்கூட, பாவம் பார்த்துச் சொல்கிறாரோ என்றிருக்கிறது. அம்மாவிடம் சொன்னால், "சம்பளம் ஏறிச்சில்ல, அப்புறம் என்னடி?" என்கிறாள். அவளுக்கு ஏற்கெனவே என்மேல் கோபம். ஆபீஸ் கேபில் ராத்திரி வரும்போது பெரம்பூரிலேயே இறங்கிவிடுவேன்; வண்டி திரும்பும்வரை ஒரு அபார்ட்மென்ட் கேட் பக்கம் நிற்பேன், அப்புறம் தம்பி பைக்கில் வந்து கூட்டிப்போவான். அது வேறு கதை. மீட்டிங்கில் வாய் திறக்க என்ன செய்ய வேண்டும்? நிஜமாகவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை மேடம்.

- பெயர் வேண்டாம்

அன்புள்ள தோழி,

மீட்டிங்கும் மெயிலும் இருக்கட்டும். 'அது வேறு கதை' என்றீர்களே, அதுதான் கதை.

வேலையில் நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. ஒன்றும் தெரியாமல் ஏழு வருடம் குப்பை கொட்ட எந்த ஆபீஸும் விடாது. ஆனால் யார் வீட்டு கேட்டிலோ நின்று, அது உங்கள் வீடு மாதிரி ராத்திரிக்கு ராத்திரி நடிக்கிறீர்கள். 'நீ போலி' என்று மனசு சொல்கிறது என்றால், அங்கே நின்றுதான் கற்றுக்கொண்டது.

1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். பட்டமும் பேரும் வாங்கிய பெண்கள், எல்லாரையும் ஏமாற்றிவிட்டதாக நம்பினார்களாம். இது நோய் இல்லை. அந்தப் பெண்களில் சிலர் தங்கள் சொந்தக் கருத்தை மறைத்தார்கள் என்பதையும் கவனித்தார்கள். மறைத்துவிட்டு வாங்கும் பாராட்டு ஒட்டாது. 'என்னைத் தெரியாமல் சொல்கிறார்' என்றாகிவிடும். உங்கள் மேனேஜர் விஷயம் அதுதான்.

வடசென்னை என்றதும் முகம் மாறுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கத்தை உங்கள் தலையில் கட்டியது அவர்கள். அதை நடுராத்திரியில் தம்பி தலையில் கட்டுவது நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த விஷயத்தில் நான் அம்மா பக்கம்.

தைரியம் வந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் அது வராது. உங்கள் ஏரியாப் பையன்கள் ஃபுட்பால் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். இடது கால் வராதவன் இடது காலாலேயே சுவரில் உதைத்துக்கொண்டிருப்பான். கால் பழகின பிறகுதான் மனசு ஒத்துக்கொள்ளும். இந்த வாரமே டிரான்ஸ்போர்ட்டில் முகவரியை மாற்றிக் கொடுங்கள். "எங்கே மேடம்?" என்று டிரைவர் கேட்டால், "வியாசர்பாடி, ஜீவா ஸ்டேஷன் பக்கம்." குரல் நடுங்கினால் நடுங்கட்டும். மீட்டிங்கில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரே ஒரு வாக்கியம், தப்பும் தவறுமாக இருந்தாலும் சரி.

தம்பியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழக்கதோஷத்தில் அவன் பாட்டுக்குப் பெரம்பூரில் வந்து நிற்கப் போகிறான்.