ஏசி போட்டால் கருகல் வாடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காரில் ஏசி போட்ட சில நிமிடங்களில் கருகல் வாடை அடிக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் கேஸ் நிரப்பிக் கொடுத்தார்கள். குளிர் நன்றாக வருகிறது, வாடை மட்டும் போகவில்லை. எதிலிருந்து பார்ப்பது?

பதில்: ஏசி கேஸுக்குக் கருகல் வாடை கிடையாது. அதனால் கேஸை விட்டுவிடுங்கள். எந்த ஸ்விட்சைப் போட்டால் வாடை வருகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஏசி பட்டனைத் தொடாமல் ப்ளோயரை (உள்ளே காற்று ஊதும் விசிறியை) முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அடுத்து நடு வேகத்தில் ஐந்து நிமிடம். இதிலேயே வாடை வந்தால் கோளாறு டேஷ்போர்டுக்குள், ப்ளோயர் பக்கம். வராவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். அப்போதுதான் வருகிறது என்றால் கம்ப்ரஸர் (ஏசி கேஸை அழுத்தும் பம்ப்), அதை ஓட்டும் பெல்ட் பக்கம் சந்தேகப்படலாம். ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெளிக்காற்று வரும் நிலையில் வாடை இருந்து, ரீசர்க்குலேஷனில் (உள்காற்றே சுற்றும் நிலையில்) குறைந்தால், அது பானெட்டுக்கு அடியிலிருந்து உள்ளே இழுக்கப்படும் வாடை.

கேள்வி: ப்ளோயர் நாலாம் வேகத்தில் மட்டும்தான் ஓடுகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடையும் உண்டு. ரெசிஸ்டர் மாற்றினேன், சில மாதங்களில் மறுபடியும் அதே கதை. ஏன்?

பதில்: குறைந்த வேகங்களில் மின்சாரம், அதன் அளவைக் குறைக்கும் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது; முழு வேகத்தில் அதைத் தாண்டி நேராக மோட்டாருக்குப் போகிறது. ரெசிஸ்டர் எரிந்தால் கடைசி வேகம் மட்டும் மிஞ்சுவது அதனால்தான். சூடாவது ரெசிஸ்டருக்கு இயல்பு. அதைக் குளிர்விக்கவே ப்ளோயர் காற்று போகும் பாதையில், பெரும்பாலான கார்களில் க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால், வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்தால் அந்தக் காற்று குறையும். காய்ந்த இலை, பஞ்சு ரெசிஸ்டர் கம்பியில் ஒட்டினால் அதுவே கருகும்.

புது ரெசிஸ்டரும் போனதென்றால் இரண்டு இடங்களைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஒன்று, ரெசிஸ்டரில் வயர்களைச் செருகும் கனெக்டர். பிடுங்கிப் பாருங்கள்: பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி உருகியிருக்கும். அந்தப் பின் தளர்ந்து, தொடர்பு சரியாக இல்லாத இடத்தில்தான் சூடு கூடுகிறது. பழைய கனெக்டரிலேயே புது ரெசிஸ்டரைச் செருகினால் அதுவும் எரியும்; கனெக்டரை வயர் துண்டோடு மாற்றுங்கள். இன்னொன்று மோட்டார். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் சுற்றுங்கள். வழுவழுவென்று ஓடாமல் பிடித்தால், கரகரத்தால், மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது என்று பொருள். டிசி க்ளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்து மின்சாரத்தை அளக்கும் கருவி) இருந்தால் முழு வேகத்தில் அளந்து, காரின் மேனுவலோடு ஒப்பிடலாம்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃப்யூஸ் போடவே கூடாது. பிறகு ஃப்யூஸுக்குப் பதிலாக வயர்தான் எரியும். ஆட்டோமேட்டிக் ஏசி உள்ள கார்களில் இதே இடத்தில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். கனெக்டர் சோதனை அதற்கும் பொருந்தும்.

கேள்வி: ஏசி போட்டதும் கிரீச் சத்தம், ரப்பர் கருகும் வாடை. பெல்ட் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: பழைய பெல்ட் பளபளத்து வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது ஏன் வழுக்கியது என்று தெரியாமல் புதியதை மாட்டாதீர்கள். இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, கம்ப்ரஸர் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரத்தை) சுற்றுங்கள். ஆட்டமும் உறுமலும் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. அடுத்து புல்லிக்கு முன்னால் உள்ள கிளட்ச் தட்டைச் சுற்றுங்கள். ஏசி போட்டதும் காந்தத்தால் புல்லியோடு ஒட்டி கம்ப்ரஸரை ஓட்டுவது இதுதான். கொஞ்சம் இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். அசையவே இல்லை என்றால் கம்ப்ரஸர் உள்ளே பிடித்துவிட்டது. ஏசியைப் போடாமலேயே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். பல கார்களில் இதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஓட்டுகிறது. அறுந்தால் இன்ஜின் சூடேறி நின்றுவிடும்.

தட்டு சுற்றுகிறது, ஆனால் முகத்தில் நீலம் பாய்ந்து, சுற்றிலும் செம்பொடி படிந்திருக்கிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளில்) அளக்கவும். பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மி.மீ.க்குள் இருக்கும்; சரியான அளவு உங்கள் மேனுவலில். தேய்ந்து அகன்றிருந்தால் காந்தம் தட்டை முழுப் பலத்தோடு இழுக்காது. இடைவெளிக்காக வைத்திருக்கும் ஷிம் (மெல்லிய வளையம்) ஒன்றை எடுத்தாலே சில நேரம் சரியாகும். கிளட்ச் காயிலுக்கு (காந்தச் சுருளுக்கு) வரும் வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலேயையும் எர்த்தையும் பாருங்கள்.

கண்டென்சர் (சூடான ஏசி கேஸைக் குளிர்விக்கும் பகுதி) ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் கவனியுங்கள். அது ஓடாவிட்டாலும், கேஸை அளவுக்கு மீறி நிரப்பியிருந்தாலும், அழுத்தம் ஏறி கம்ப்ரஸர் கனமாகச் சுற்றும்; நல்ல கிளட்ச்சும் வழுக்கும். கேஸ் நிரப்பிய பிறகு இந்த வாடை ஆரம்பித்ததென்றால், பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கின்படி மீண்டும் எடுத்து நிரப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது மட்டும் எண்ணெய் கருகும் வாடை. இதுவும் ஏசிதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வால்வ் கவர் கேஸ்கெட்டில் கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட்டில் சொட்டிப் புகைகிறது. வண்டி நிற்கும்போது அந்தப் புகை விண்ட்ஷீல்டுக்குக் கீழே உள்ள காற்று வழியாக உள்ளே வருகிறது. கேஸ்கெட்டை மாற்றி, படிந்த ஆயிலைத் துடைத்துவிட்டால் போய்விடும். புகையே கண்ணில் பட்டால் ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, எல்லோரும் இறங்குங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள், காற்று புகுந்தால் தீ பற்றலாம்.