மருந்தடித்தும் இலைப்புள்ளி மறையவில்லையே?

கேள்வி: நட்டு இரண்டு வருடமான நிழல்மரக் கன்றுகளில் மஞ்சள் வளையத்தோடு பழுப்புப் புள்ளிகள். இலையும் உதிர்கிறது. ஒருமுறை மருந்தடித்தும் புள்ளி மறையவில்லை. மருந்தை மாற்றலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் திரும்பப் பச்சையாகாது. புதுத்தளிர் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். புள்ளியின் நடுவே மிளகுத்தூள் போலக் கறுப்பாகத் தெரிந்தால் அது பூஞ்சை வித்து உருவாகும் இடம். தெறிக்கும் தண்ணீர்தான் உதிர்ந்த இலையிலிருந்து அந்த வித்துகளை மேலே ஏற்றுகிறது. அதனால் முதல் வேலை, உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துவது. கன்றின் மேல் தண்ணீர் பீய்ச்சாமல், காலையில் வேரடியில் மட்டும் விடுங்கள். நெருங்கிய உள்கிளைகளைக் கழித்தால் காற்றோடி இலை சீக்கிரம் உலரும்.

பிறகு மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம், அல்லது காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிர மருந்தை 2.5 கிராம் கலந்து அடியுங்கள்; மருந்து உறையில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. இலையின் அடிப்பக்கமும் நனையவேண்டும், பலர் விடுவது இங்கேதான். மழைக்காலத்தில் 10 முதல் 14 நாள் இடைவெளியில் திரும்ப அடியுங்கள். தாமிர மருந்து இளந்தளிரைக் கருக்கலாம். முதலில் ஒரு கிளையில் அடித்துப் பாருங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம். யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்கள். கொழுத்த தளிரில் நோய் எளிதாகப் பிடிக்கும்.