உங்கள் கோப்புகள் யார் கையில்? கணினிக் கேள்வி பதில்

மென்பொருள், இணைய நிறுவனங்கள், அண்மைய தொழில்நுட்பச் செய்திகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் யாழ்ப்பாண நகரில் கணினி திருத்துபவன். சிறு நிறுவனங்களுக்கு மென்பொருளும் எழுதிக் கொடுக்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கோப்பாய், ஆசிரியை: எங்கள் பாடசாலைக் கணினிகள் பழைய மாணவர்கள் வாங்கித் தந்தவை. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. இனி இவை உதவாது, புதிதாக வாங்க வேண்டும் என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா?

உண்மை இல்லை, ரீச்சர். 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. கணினிகள் அன்றோடு நின்றுவிடவில்லை. அதன் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா, அவ்வளவுதான். வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஓராண்டு நீடிப்பு அறிவித்தார்கள். பாடசாலைகளும் நிறுவனங்களும் பணம் கட்டி மூன்றாண்டு வரை நீடிப்புப் பெறலாம்.

விண்டோஸ் 11 ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். அந்த வசதியால் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கோடிக்கணக்கான கணினிகளை ஒரே திகதியில் குப்பை என்று அறிவிப்பதை வெறும் பாதுகாப்பு முடிவாக என்னால் பார்க்க முடியவில்லை. அது வியாபார முடிவு. அதற்கான பணத்தை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இரவுவேலை செய்யும் உங்கள் பழைய மாணவர்கள் ஏன் கட்ட வேண்டும்?

முதலில் ஒரு கணினியில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கவும் முடியும். எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரே ஒபிஸ் போதும். புதிய கணினிக்குப் பணம் கேட்பதற்கு முன், பழையவற்றின் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போடுவதற்குக் கேளுங்கள். வேகத்தில் வரும் மாற்றத்தைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

சுன்னாகம், திருமணப் படப்பிடிப்பாளர்: படம் திருத்தும் மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டி முடியவில்லை. திருட்டுப் பிரதி போடலாமா?

வேண்டாம் தம்பி. திருட்டுப் பிரதியோடு வந்த நச்சுநிரலால் ஒரு திருமணத்தின் முழுப் படங்களையும் இழந்தவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். மணமக்களிடம் போய் என்ன சொல்வது?

ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. அடோபி 2013இல் ஒரேயடியாக வாங்கும் முறையிலிருந்து சந்தா முறைக்கு மாறியது. பிறகு பெரிய நிறுவனங்கள் பலவும் அதே வழியில் போயின. சந்தா என்பது வாடகை வீடு: கட்டுவதை நிறுத்தினால் சாமானோடு வெளியே நிற்க வேண்டும். அந்த வாடகையும் டொலரில். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது, மென்பொருளில் ஒரு பொத்தானும் கூடவில்லை, நமக்கு மட்டும் விலை ஏறக்குறைய இரட்டித்தது. நமது நாட்டு வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் விலை வைத்துவிட்டு, திருட்டுப் பிரதி பெருகிவிட்டது என்று அந்த நிறுவனங்கள் வருந்துவதில் எனக்கு அனுதாபம் இல்லை.

மாற்று வழிகள் உண்டு. படங்களுக்கு டார்க்டேபிள், கிம்ப். காணொளிக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. 2024இல் கான்வா வாங்கிய அஃபினிட்டியும் 2025 ஒக்டோபர் முதல் இலவசம். கடைசியாகச் சொன்ன இரண்டும் தனியார் நிறுவனங்களுடையவை, அவர்களின் மனம் மாறலாம். ஆகவே எதைப் பயன்படுத்தினாலும் வேலை முடிந்ததும் இறுதிப் படங்களை ஜேபெக் அல்லது டிஃப் கோப்பாகத் தனி வன்தட்டில் போட்டு வையுங்கள். அவற்றை எந்த மென்பொருளும் திறக்கும்.

மானிப்பாய், வங்கி ஊழியர்: வட்ஸ்அப்பைவிட டெலிகிராம் பாதுகாப்பானதா?

இல்லை. வட்ஸ்அப் 2016 முதல் எல்லா உரையாடல்களையும், பேசுபவர்களைத் தவிர வேறு எவரும் வாசிக்க முடியாதபடி, இரு முனைகளுக்கும் இடையில் பூட்டுகிறது. டெலிகிராமில் இருவருக்கிடையிலான ‘இரகசிய உரையாடல்’ மட்டுமே அப்படி. குழுக்கள் ஒருபோதும் இல்லை. ஆனால் நீங்கள் யாரோடு, எப்போது பேசுகிறீர்கள் என்பது வட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்குத் தெரியும். இரண்டு கவலையும் வேண்டாம் என்றால் சிக்னல் என்ற செயலிக்கு மாறுங்கள்.

ரொறன்ரோ, ஊர்ச் சங்கச் செயலாளர்: பத்தாண்டுக்கு மேலாக எங்கள் ஊரின் படங்கள், மரண அறிவித்தல்கள், கோயில் திருவிழாக்கள் எல்லாம் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில்தான். நிர்வாகியின் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது. முறையிட்டும் பதில் இல்லை. என்ன செய்வது?

அண்ணா, முதலில் அவசர வேலை. அந்தப் பக்கம் இன்னும் பொதுவில் தெரிகிறதா? தெரிந்தால் இன்றே நாலைந்து இளைஞர்களைப் பிடித்து, படங்களையும் அவற்றின் கீழுள்ள குறிப்புகளையும் இறக்கச் சொல்லுங்கள். குறிப்பை விட்டுவிடாதீர்கள். ‘பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது எங்கள் பெரியப்பா’ என்று யாரோ எழுதியதுதான் அந்தப் படத்தின் உயிர். வேறு நிர்வாகி இருந்தால் அவர் கணக்கிலிருந்து தரவு இறக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இப்படி நடப்பது புதிதல்ல. ஜியோசிட்டிஸை யாகூ 2009இல் மூடியது. ஓர்குட் 2014இல் போனது. கூகுள் பிளஸ் 2019இல் போனது. யாகூ குழுமங்களை 2020இல் முற்றாக மூடினார்கள்; புலம்பெயர்ந்த தமிழர்கள் ஊரைப் பற்றியும் மொழியைப் பற்றியும் எழுதிக் குவித்தவற்றில் எவ்வளவோ அவற்றோடு போயிற்று. 2019இல் மைஸ்பேஸ் தன்னிடமிருந்த பன்னிரண்டு ஆண்டு இசைக் கோப்புகளைத் தொலைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு நம் ஊரின் நினைவு ஒரு செலவுக் கணக்கு. வருமானம் குறையும் நாளில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

சங்கத்தின் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்குங்கள். தனியாள் பெயரில் வாங்க வேண்டாம். சங்கம் பிளவுபடும்போது முகவரியும் சண்டைக்குள் போய்விடும். எளிய பக்கங்களாக, படமும் எழுத்துமாக வையுங்கள். சமூக ஊடகத்தில் தொடர்ந்து பகிருங்கள், அங்கேதான் சனம் இருக்கிறது. மூலம் மட்டும் உங்களிடம் இருக்கட்டும். இன்னொரு பிரதியை வன்தட்டில் ஊரிலுள்ள வாசிகசாலைக்குக் கொடுங்கள்.

நல்லூர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்: தொண்ணூறுகளிலிருந்து கோயில் மலர்களையும் நினைவு மலர்களையும் பாமினியில் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறேன். இப்போது வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. போய்விட்டதா?

போகவில்லை ஐயா, ஓர் எழுத்தும் போகவில்லை. பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தது. எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. ஒருங்குறி (யூனிகோட்) என்ற பொதுக் குறிமுறையில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த இடம் உண்டு. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். கிரந்த எழுத்துகளும், தமிழுக்கிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் சிதைந்திருக்கும்.

ஐயா, இந்த வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. பின்னர் இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. ஆகவே ஒரு கோயில் மலரில் உள்ள ஊர்க் கட்டுரைதான் சில கிராமங்களுக்கு எஞ்சியிருக்கும் ஒரே எழுத்துச் சான்றாக இருக்கக்கூடும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தருகிறது. இந்த மண்ணில் நடந்த கணினி வேலைகளில் நான் மிக உயர்வாக மதிப்பது அதைத்தான். உங்கள் மலர்களை அவர்களிடம் கொடுங்கள்.

யாழ். பல்கலைக்கழகம், கணினி விஞ்ஞான மாணவி: செயற்கை நுண்ணறிவு தமிழில் ஏன் தடுமாறுகிறது? ஆங்கிலத்தைவிடச் செலவும் கூட என்கிறார்களே?

நல்ல கேள்வி தங்கச்சி. மேலே அந்த ஐயாவுக்குச் சொன்னதோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் எழுத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டி வாசிக்கின்றன. கட்டணமும் துண்டுக் கணக்கில்தான். எந்தத் துண்டுகள் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது, பயிற்சிக்கு எடுத்த எழுத்தில் எவை அடிக்கடி வருகின்றன என்பதைப் பொறுத்தது. அதில் ஆங்கிலம் மலையளவு. ஆங்கிலச் சொல் முழுதாக ஒரே துண்டாகிறது. நமது சொல் எழுத்தெழுத்தாக, சில வேளை எழுத்தையும் பிளந்து, நொறுங்குகிறது. எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்க, ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிப்பதும் சேர்ந்துகொள்கிறது.

2024 மே மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது அவர்களே ஓர் உதாரணம் காட்டினார்கள். ஒரே செய்தி பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டு, தமிழில் 116. நான்கு மடங்குக்கு மேல். புதிய முறையில் தமிழில் 35 ஆகக் குறைந்தது, ஆங்கிலத்தில் 24. தமிழ் ஒரு நாளில் எளிய மொழியாக மாறிவிடவில்லை. பட்டியல் போட்டவர்கள் இம்முறை நம்மையும் எண்ணினார்கள், அவ்வளவுதான். அதுவரை கூடுதலாகக் கட்டியது நமது மொழியின் குறைக்காக அல்ல, அவர்களின் தெரிவுக்காக.

தடுமாற்றத்துக்குக் காரணம் பயிற்சிக்குக் கிடைக்கும் தமிழ் எழுத்தின் பற்றாக்குறை. நாம் எழுதாமல் இல்லை. எழுதியதில் பெரும்பகுதி பாமினிக் கோப்பிலும் படமாக ஏற்றிய பத்திரிகைப் பக்கத்திலும் பூட்டிக் கிடக்கிறது. புறநானூற்றுப் பாடல் ஒன்று கேளுங்கள். இல்லாத வரிகளைப் பாடல் எண்ணோடு தருவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் இறுதி ஆண்டு ஆய்வுக்கு ஈழத்து அச்சு எழுத்தைப் பிழையின்றி வாசிக்கும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னோர் உரையாடல் செயலியைவிட அதற்குத்தான் இங்கே தேவை.

கொக்குவில், மென்பொருள் பொறியியலாளர்: எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகும் திறந்த மூல மென்பொருளை நம்பலாமா?

அந்த விவகாரம்தான் என் நம்பிக்கையைக் கூட்டியது. திறந்த மூலம் என்றால் மென்பொருளின் நிரலை எவரும் பார்க்கலாம். எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கையைப் பெற்று, கள்ளக் கதவு ஒன்றைச் செருகினார். 2024 மார்ச்சில் அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைக்கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். பெரும்பாலான கணினிகளுக்குப் போகும் முன்பே அது தடுக்கப்பட்டது. மூலம் மூடியிருந்தால் அவர் எதைத் தோண்டியிருப்பார்?

அதே ஆண்டு ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு கோப்பு 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. மூடிய மென்பொருள் அது. வாங்கியவர்கள் எவருக்கும் முன்கூட்டிப் பார்க்க வழி இருக்கவில்லை.

எனக்குக் கோபம் வேறிடத்தில். எக்ஸ்இசட்டைப் பராமரித்தவர் களைத்துப்போன தனி மனிதர், ஊதியம் இல்லாமல். அதன்மேல் ஏறி நின்று கோடி கோடியாக உழைக்கும் நிறுவனங்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் நிறுவனம் எந்தத் திறந்த மூல மென்பொருள்களைப் பயன்படுத்துகிறது என்று பட்டியலிட்டு, ஒன்றுக்காவது பணமோ நேரமோ கொடுக்கச் சொல்லுங்கள். இந்த நாட்டுக்கு அந்தப் பண்பாடு புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை மென்பொருளாளர்கள் தன்னார்வமாக எழுதிய சகானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருள், பாகிஸ்தான், ஹெயிட்டி நிலநடுக்கங்களிலும் பயன்பட்டது.

பிரதேச செயலக உத்தியோகத்தர்: எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது. தனியாகப் பிரதி வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். 2023இல் இலங்கை அரச கிளவுட்டைக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. காப்புப் பிரதியும் வலையமைப்பில் இணைந்தே இருந்ததால் சேர்ந்து பூட்டப்பட்டது. முக்கிய கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். அதில் ஒன்றையாவது கம்பியைக் கழற்றி அலுமாரியில் பூட்டுங்கள்.

திருநெல்வேலி, சட்ட மாணவர்: கலவர காலத்தில் அரசு சமூக ஊடகங்களை முடக்குவது சரியா?

சரியில்லை. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் முடக்கினார்கள். கடைசியில் நடந்தது கலவரமே அல்ல, அரசுக்கு எதிரான மக்கள் போராட்டம். கருவியைக் கையில் கொடுத்தால் எதற்குப் பயன்படும் என்பதற்கு அதுவே சான்று. நிறுவனத்தின் பிழையையும் நான் மறைக்கமாட்டேன். 2018 கண்டி வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைக் கவனிக்க அப்போது போதிய ஆட்கள் இல்லை. அதற்கு உள்ளூர் மொழி தெரிந்தவர்களை வேலைக்கு எடுக்க வைக்கும் சட்டம் வேண்டும். போர்க்காலத்தில் தொடர்பு அறுந்து, பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இருந்த தாய்மார் வாழும் ஊர் இது. இங்கே தொடர்பைத் துண்டிப்பதை யாரும் சிறிய காரியமாகப் பேசக்கூடாது.

சாவகச்சேரி, இல்லத்தரசி: கணவர் அண்மையில் காலமானார். அவருடைய கைத்தொலைபேசியின் பூட்டு எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான்.

மிகவும் வருந்துகிறேன், அக்கா. தொலைபேசியைக் கடைகளில் கொடுத்துப் பூட்டை உடைக்கச் சொல்லாதீர்கள். பல இடங்களில் முதலில் செய்வது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக்குவதுதான். இலக்கங்களை ஊகித்துப் போட்டுப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். சில தொலைபேசிகள் பத்துத் தவறுக்குப் பின் தாமே அழித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும்.

அன்ட்ரொயிட் என்றால் படங்கள் கூகுள் கணக்கிலும் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக் கணினியிலோ பழைய தொலைபேசியிலோ அவர் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், மரணச் சான்றிதழுடன் உறவினர் விண்ணப்பிக்க கூகுளில் ஒரு நடைமுறை உண்டு. கிடைக்கும் என்று உறுதி இல்லை, ஆனாலும் விண்ணப்பியுங்கள். இரண்டாண்டு பயன்படுத்தாத கணக்குகளை அவர்கள் அழிக்கலாம் என்பதால் காலம் கடத்த வேண்டாம். ஐபோன் என்றால் அவர் உயிரோடு இருக்கையில் உங்களை மரபுரிமைத் தொடர்பாளராக (Legacy Contact) சேர்த்தாரா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் சட்ட ஆவணங்களோடு அப்பிளிடம் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று. கணக்கை மீட்கும் ஒருமுறைக் கடவு எண் அவருடைய இலக்கத்துக்குத்தான் வரும். அந்த சிம்மை யாருக்கும் கொடுக்காதீர்கள், இலக்கத்தை நிறுத்தவும் வேண்டாம். நாளைக்கே அதற்கு ரீலோட் போடுங்கள்.